சந்தகை மெஷினுக்குப் பக்கத்தில்

சனிக்கிழமை இரவு அம்மா புழுங்கல் அரிசியை ஊறவைத்தால் மறுநாள் காலை சந்தகை என்று அர்த்தம். விடிந்ததும் அரிசி கெட்டியாக அரைபடும். புளிக்க விடாமல் உடனே இட்டிலித் தட்டில் வேகும். வெந்த சூட்டோடு ஒவ்வோர் இட்டிலியாக எடுத்து, மூன்று கால் மெஷினின் குழலுக்குள் போட்டு, மேலே உள்ள திருகுக் கைப்பிடியை ஒருவர் சுற்ற வேண்டும். இன்னொருவர் மெஷினின் காலை மிதித்துப் பிடித்தபடி, கீழே இறங்கும் வெள்ளை நூலைத் தட்டில் வாங்க வேண்டும். இட்டிலி ஆறிவிட்டால் திருகு நகராது. அதனால் அந்தக் கால்மணி நேரம் எங்கள் சமையலறையில் யாரும் வேறு பேச்சுப் பேசுவதில்லை.

பாஸ்தா மெஷினைப் பற்றி எழுத உட்கார்ந்து சந்தகையில் தொடங்கக் காரணம் இருக்கிறது. ஒன்றரை வருடமாக நான் ஒரு பாஸ்தா மெஷினைத் தேடி, ஒன்றை வாங்கிக் கெட்டு, ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்து, கடைசியில் ஒன்றை வீட்டில் நிறுத்தியிருக்கிறேன். அந்த ஒன்றரை வருடத்தில் படித்தவை எல்லாம் சேர்ந்து சொல்லிக் கொடுத்ததைவிட, பரணில் இருக்கும் இந்த இரும்பு முக்காலி சொல்லிக் கொடுத்தது அதிகம்.

நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. பாலக்காடு மலபார் மாவட்டமாகச் சென்னை மாகாணத்தோடு இருந்த காலத்தில் சித்தூர் கொச்சி மன்னருக்கு உட்பட்டிருந்தது. 1956இல் கேரளம் உருவானபோது இரண்டும் ஒன்றாயின. வீட்டில் பேசுவது தமிழ், கடைத்தெருவில் மலையாளம், சொந்தபந்தம் பாதி பொள்ளாச்சியில். எங்கள் சந்தகைக்கு இங்கே மலையாளிகள் வீட்டில் இருக்கும் உறவுக்காரப் பண்டம் நூல்புட்டு. அதைப் பிழியும் கருவி சேவநாழி. கல்பாத்தி அக்ரகாரத்துக்குப் போனால் சேவை, சேவை நாழி. பெயர் மாறுகிறது, செய்முறையும் கொஞ்சம் கொஞ்சம் மாறுகிறது. ஆனால் மாவை ஓட்டை போட்ட அச்சின் வழியே அழுத்தி நூலாக்கும் வேலை எல்லாருக்கும் ஒன்றுதான். நாங்கள் பிழிகிற ஊர்க்காரர்கள்.

பாஸ்தா என்ற சொல் வீட்டுக்குள் வந்தது என் மகனால். ஒன்பது வயது. பள்ளியில் யாரோ டிபன் டப்பாவில் மக்ரோனி கொண்டுவந்ததிலிருந்து வாரம் ஒருமுறை கேட்க ஆரம்பித்தான். பாக்கெட் வாங்கிச் செய்து கொடுத்தேன். ஆர்வம் எனக்குப் பற்றிக்கொண்டது சித்தி மகள் விடுமுறைக்கு வந்தபோதுதான். அவள் இத்தாலியில் பாதுவா நகரத்தில் நர்ஸ். அவள் தங்கியிருக்கும் வீட்டுக்காரப் பாட்டி, ஞாயிற்றுக்கிழமை ஒரு மரப் பெஞ்சின் மேல் குதிரையேறுவதுபோல் உட்கார்ந்து, பெஞ்சில் பொருத்திய பித்தளைக் குழலுக்குள் கோதுமை மாவை வைத்துத் திருகுக் கட்டையைச் சுற்றுவாராம். கீழே தடித்த நூல் இறங்குமாம். அதற்கு அந்த வட்டாரத்தில் பிகோலி என்று பெயர். "அக்கா, முதல்முறை பார்த்தபோது பெரியம்மாவின் சந்தகை மெஷினை இங்கே யார் கொண்டுவந்தார்கள் என்றே நினைத்தேன்" என்றாள். அதைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உடனே ஒரு மெஷின் வாங்கினேன். அது தவறான முடிவு. இணையத்தில் விலை குறைவாகக் கிடைத்த ஒரு கைச்சுற்று மெஷின், இரண்டு உருளைகளுக்கு நடுவே மாவைத் தட்டையாக்குகிற வகை. பார்க்கப் பளபளவென்று இருந்தது. முதல் மாவை உள்ளே விட்டபோது வெளியே வந்த பட்டை நேராக இறங்காமல் பிறைபோல் ஒரு பக்கம் வளைந்து வந்தது. நான் மாவைக் குறை சொன்னேன். அம்மா பட்டையின் இரண்டு ஓரங்களையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் தடிமன், அந்தப் பக்கம் காகிதம். மெஷின்தான் கோணல்" என்றார். சரிதான். இரண்டு உருளைகளும் இணையாக இல்லையென்றால் இடுக்கு குறுகிய பக்கத்தில் மாவு அதிகம் நசுங்கி நீளமாக ஓடும், மறுபக்கம் பின்தங்கும். பட்டை வளையத்தான் செய்யும். போதாததற்கு மாவில் சாம்பல் நிறக் கறை. முதல் மாவில் கறை வருவது வழக்கம்தான். புது மெஷினில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் என்பதால் எந்தத் தரமான மெஷினிலும் முதலில் ஓட்டும் மாவைத் தூக்கி எறியச் சொல்லுவார்கள். இதில் ஐந்தாவது மாவிலும் கறை போகவில்லை. அந்த மெஷினை எடைக்குப் போட்டுவிட்டேன்.

கடையில் நேரில் பார்த்து வாங்குகிறவர்கள் ஒன்று செய்யலாம். உருளைகளை மிக நெருக்கமான எண்ணில் வைத்துவிட்டு, மெஷினை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து இடுக்கின் வழியே பாருங்கள். வெளிச்சக் கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே தடிமனில் தெரிய வேண்டும். கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே பாருங்கள், கோடு துடிக்கக் கூடாது. அந்த ஒரு சோதனையை முதலிலேயே செய்திருந்தால் எனக்குப் பணமும் ஒரு மாதமும் மிச்சமாகியிருக்கும்.

அதற்குப் பிறகு நிதானமாக யோசித்தேன். வீட்டில் பாஸ்தா செய்யும் மெஷின் என்று கடையில் நூறு பெயரில் இருந்தாலும் வகை இரண்டுதான். ஒன்று மாவை உருட்டித் தட்டையாக்கி, பிறகு நாடா நாடாக வெட்டுவது. மற்றது மாவை அச்சின் வழியே பிழிவது. நாங்கள் பிழிகிற ஊர்க்காரர்கள் அல்லவா, பிழிகிற மெஷின்தான் கைக்கு வரும் என்று நினைத்தேன். ஸ்பகெத்தி, பென்னே, மக்ரோனி என்று துளை உள்ளதும் இல்லாததுமாக எல்லா வடிவமும் அதில்தான் வரும் என்பது இன்னொரு ஆசை.

வாங்குவதற்கு முன் வீட்டில் இருப்பதிலேயே முயன்று பார்ப்போம் என்று சந்தகை மெஷினை இறக்கினேன். சம்பா ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து குழலில் வைத்துத் திருகினேன். நாலு விரற்கடை நீளத்துக்கு அருமையான நூல் வந்தது. பிறகு திருகு நின்றுவிட்டது. இன்னும் அழுத்தியதில் முக்காலியின் ஒரு கால் தரையைவிட்டு எழும்பியது. அம்மா ஓடிவந்து பிடித்தார். மாவைத் தளர்த்திப் பிசைந்தால் நூல் சுலபமாக வந்தது, ஆனால் தட்டில் விழுந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிவிட்டது.

ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொண்டபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. அரிசியில் பசையம், அதாவது கோதுமை மாவை இழுபட வைக்கும் குளூட்டன், கிடையாது. பச்சை அரிசி மாவைக் குளிர்ந்த தண்ணீரில் பிசைந்து பிழிந்தால் நூல் நிற்காது. அதனால்தான் நம் பாட்டிமார் அரிசியை முதலில் வேகவைத்தார்கள், அல்லது கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கிளறினார்கள். வெந்த மாச்சத்துதான் நூலைப் பிடித்து நிறுத்துகிறது. வெந்த மாவு சூட்டில் மிருதுவாக இருப்பதால் ஒரு மனிதக் கை சுற்றும் திருகே போதும். கோதுமையில் பசையம் இருக்கிறது. பச்சை மாவாகவே பிழிந்து பிறகு கொதிநீரில் வேகவைக்கலாம். ஆனால் நூல் ஒட்டாமல் உருவத்தோடு நிற்க வேண்டுமென்றால் தண்ணீர் மிகக் குறைவாக இருக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் அழுத்தம் ஏற வேண்டும். பாஸ்தா தொழிற்சாலைகளில் மாவை அச்சுக்குள் தள்ளும் அழுத்தம் 100 பார் அளவில் இருக்கிறது, அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு. பாதுவாப் பாட்டி பெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து உடம்பு எடையைக் கொடுத்தது எதற்கென்று அப்போது விளங்கியது.

கோயம்புத்தூர்த் தோழி ஒருத்தியிடம் மின்சாரத்தில் பிழியும் மெஷின் இருந்தது. ஒரு மாதம் இரவல் வாங்கி வந்தேன். மாவையும் தண்ணீரையும் ஊற்றிப் பொத்தானை அழுத்தினால் அதுவே பிசைந்து, அதுவே திருகால் தள்ளி, அதுவே பிழிந்துவிடும். 100 கிராம் மாவுக்கு 35 முதல் 40 மில்லி தண்ணீர். மூடியின் வழியே பார்த்தபோது மாவு சேர்ந்து உருண்டையாகவே இல்லை, உதிரி உதிரியாகக் கிடந்தது. நான் பயந்து இன்னும் தண்ணீர் விடப் போனேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு, இது புட்டு மாவுப் பதம். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். விடு." அந்த மெஷினின் கையேட்டில் பக்கம் பக்கமாக எழுதியிருந்ததை அம்மா ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். பிழியும் மெஷின் வாங்குகிற யாருக்கும் இதைத்தான் சொல்வேன்: புட்டு நனைக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பாஸ்தா நன்றாகவே வந்தது. அச்சைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. இத்தாலியில் நல்ல உலர் பாஸ்தாவை வெண்கல அச்சில் பிழிந்தது என்று பெருமையாக அட்டையில் போடுகிறார்கள். வெண்கல அச்சில் மாவு உரசி வருவதால் மேற்பரப்பு சொரசொரப்பாக, மாவு பூத்ததுபோல் இருக்கும். குழம்பு அதில் பற்றி நிற்கும். டெஃப்லான் பூசிய அச்சிலிருந்து வருவது மஞ்சளாக, வழவழப்பாக, கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆனால் குழம்பு வழுக்கி ஓடும். இரவல் மெஷினில் இருந்தது பிளாஸ்டிக் அச்சு, பாஸ்தாவும் வழவழப்புத்தான். எங்கள் வீட்டில் முறுக்கு உழக்கின் பழைய பித்தளை அச்சில் பிழிந்த முறுக்குக்கும் புது எவர்சில்வர் அச்சில் பிழிந்த முறுக்குக்கும் இருக்கும் வித்தியாசத்தை நாக்கில் உணர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

கழுவுவதுதான் என்னைச் சோர்வடையச் செய்தது. அச்சின் ஒவ்வொரு துளையிலும் மாவு இறுகிக் கிடக்கும். ஈரமாக இருக்கும்போது குத்தினால் இன்னும் அப்பிக்கொள்ளும். இரவு முழுக்கக் காயவிட்டு, மறுநாள் பல்குச்சியால் தட்டினால் துளைத்துளையாக உதிர்ந்து வரும், அதுதான் வழி. பிசையும் தொட்டி, திருகு, மூடி என்று பாகங்கள் தனி. சந்தகை மெஷினைத் தண்ணீரில் ஊறப்போட்டால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். வெந்த அரிசி தண்ணீரைக் கண்டதும் விட்டுவிடுகிறது, பசையம் உள்ள கோதுமை விடுவதில்லை.

கழுவும் வேலைக்குப் பயந்து நான் அதை ஒதுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை சித்தூரில் பலசரக்குக் கடையில் நின்றிருந்தேன். எதிரே அலமாரியில் பென்னே, ஃபுசில்லி, ஸ்பகெத்தி பாக்கெட்டுகள் வரிசையாக இருந்தன. எல்லாமே பிழிந்த பாஸ்தா. இத்தாலியில் செய்து அங்கேயே விற்கும் உலர் பாஸ்தா டியூரம் என்ற கடினக் கோதுமையின் ரவையில்தான் இருக்க வேண்டும் என்று 1967இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். வெண்கல அச்சும், 100 பார் அழுத்தமும், மணிக்கணக்கில் பக்குவமாக உலர்த்தும் அறையும் வைத்து ஒரு தொழிற்சாலை செய்வதை, நான் பிளாஸ்டிக் அச்சு வைத்து வீட்டில் செய்து எதை அடையப்போகிறேன்? அதே நேரம், முட்டை விட்டுப் பிசைந்து, மெல்லிசாக உருட்டி, வெட்டிய கையோடு இரண்டு நிமிடம் வேகவைத்துச் சாப்பிடும் பாஸ்தா எந்தப் பாக்கெட்டிலும் இல்லை. பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் நான் கேட்ட கடைகளில் இல்லை. கடையில் கிடைக்காததைச் செய்து தரும் மெஷின்தான் வீட்டுக்கு வேண்டும். பிழிகிற வேலைக்கு எங்களிடம் சந்தகை இருக்கிறது. எங்களுக்கு இல்லாதது உருட்டுவது.

தங்கையிடம் சொன்னேன். அடுத்த விடுமுறையில் பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவே ஒரு மார்க்காத்தோ அட்லஸ் 150 மெஷினை வைத்துக் கொண்டுவந்தாள். 1930இல் தொடங்கிய மார்க்காத்தோ நிறுவனம் இருப்பது பாதுவாவுக்குப் பக்கத்துக் கம்போதார்செகோவில், அவள் வேலைக்குப் போகும் ஊரிலிருந்து சிறிது தொலைவு. 150 என்பது உருளையின் அகலம், மில்லிமீட்டரில். உருளை இடுக்கு பத்துப் படிகளில் குறுகும். பூஜ்யத்தில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர், ஒன்பதில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கூடவே வெட்டும் பகுதி ஒன்று, அதில் அகல நாடாவும் மெல்லிய நூலும் என இரண்டு வகை வெட்டலாம். டூரினில் 1932இல் தொடங்கிய இம்பீரியா என்ற நிறுவனத்தின் மெஷினும் இதே அகலம்தான், படிகள் ஆறு. இரண்டில் எது கிடைத்தாலும் வாங்கலாம் என்பது தங்கையின் வீட்டுக்காரப் பாட்டியின் தீர்ப்பு. நான் பத்துப் படியை விரும்பியதற்குக் காரணம், படி படியாக மெலியும்போது பட்டை கிழிவதில்லை.

மெஷின் வந்த அன்று எதிர்பாராத இடைஞ்சல் ஒன்று. இந்த மெஷினை மேசையின் விளிம்பில் திருகுப் பிடிப்பான் போட்டு இறுக்க வேண்டும். இறுக்காமல் சுற்றினால் மெஷின் கையோடு நடந்துவரும். எங்கள் சமையல் மேடை கடப்பைக் கல், கீழே செங்கல் சுவர். விளிம்பு ஒரு விரல்கூட வெளியே நீட்டவில்லை, பிடிப்பான் பிடிக்க இடமில்லை. நம் பக்கத்து வீடுகளில் முக்கால்வாசி மேடைகள் இப்படித்தான் இருக்கும். மெஷின் வாங்குவதற்கு முன் அளக்க வேண்டியது அதன் விலையை அல்ல, உங்கள் மேடையின் விளிம்பை. சாப்பாட்டு மேசையில் கண்ணாடி. கடைசியில் அம்மாவின் தையல் மெஷின் மேசைதான் கைகொடுத்தது. பலகையின் நீட்டம் சரியாக இருந்தது, தடிமனும் பொருந்தியது, உயரம் உட்கார்ந்து சுற்றுவதற்கு ஏற்றதாக இருந்தது. பலகை பதியாமல் இருக்க ஒரு ரப்பர் துண்டை நடுவில் வைத்து இறுக்கினேன். ஒரு வருடமாக அது அங்கேதான் ஓடுகிறது.

மாவு. வெறும் மைதாவில் செய்தால் பட்டை இழுத்த இழுப்புக்கு வரும், ஆனால் வாயில் ஒன்றும் இருக்காது. டியூரம் கோதுமை மத்தியப் பிரதேசப் பக்கம் விளைகிறது, பன்சி ரவை என்ற பெயரில் கிடைப்பது அதன் ரவைதான், ஆனால் எங்கள் கடைத்தெருவில் எப்போதும் கிடைப்பதில்லை. நமக்கு இருக்கிறது சம்பா கோதுமை. சம்பாவும் டியூரமும் நெருங்கிய உறவு. இரண்டுக்கும் 28 குரோமோசோம்கள், சப்பாத்திக் கோதுமைக்கு 42. சம்பாவை ஊறவைத்துப் பாயசம் வைக்கிற ஊர் இது. அதைக் கழுவிக் காயவைத்து ரைஸ் மில்லுக்கு எடுத்துப் போனேன். முதல்முறை எனக்கு முன்னால் யாரோ மிளகாய் அரைத்துப் போயிருந்தார்கள், மாவு முழுக்கக் காரம். இப்போது காலையில் மில் திறந்ததும், அரிசி மாவு ஓடி முடித்த கல்லில் அரைத்துத் தரச் சொல்கிறேன். அரைத்ததை மெல்லிய துணியில் சலித்து, பாதிக்குப் பாதி மைதாவோடு கலக்கிறேன். சம்பா மட்டும் போட்டால் பட்டை ஓரங்களில் வெடிக்கிறது. அதன் பசையம் இழுபடும் வகை அல்ல.

முட்டைக் கணக்கு சுலபம் என்று எல்லாரும் சொல்வார்கள், 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை. எந்த முட்டை என்பதுதான் கேள்வி. நாமக்கல்லிலிருந்து வாளையார் தாண்டி லாரியில் வரும் முட்டை ஓடு நீக்கி 50 கிராம் அளவில் இருக்கும். எங்கள் கொல்லையில் மேயும் நாட்டுக்கோழி இடுவது 40 கிராமைத் தாண்டினால் பெரிது. ஆனால் அதன் மஞ்சள் கரு செம்பருத்தி மகரந்தம்போல் அடர்ந்திருக்கும், பட்டைக்கு அந்த நிறம் அப்படியே வரும். அதனால் எண்ணிக்கையை விட்டுவிட்டுத் தராசில் நிறுக்கிறேன். பூரி மாவைவிட ஒரு பிடி கெட்டி, அதுதான் பதம். பிசைந்து துணி மூடி அரைமணி நேரம் விட வேண்டும். அவசரப்பட்டு உடனே உருட்டினால் ரப்பர்போல் சுருங்கித் திரும்பும்.

உருட்டுவதில் நான் மிகவும் விரும்பும் இடம் ஆரம்பம்தான். பூஜ்யப் படியில் மாவை விட்டு, வந்த பட்டையை மூன்றாக மடித்து, திரும்ப விட்டு, திரும்ப மடித்து, ஆறேழு முறை. முதல் தடவை பட்டை சொரசொரவென்று ஓரம் கிழிந்து, காய்ந்த வயல்போல் இருக்கும். மூன்றாவது தடவையில் விரிசல் மறையும். ஆறாவதில் தளிர் வாழையிலையின் அடிப்பக்கம்போல் ஒரு மெல்லிய மினுமினுப்பு வந்துவிடும். கைப்பிடியின் சத்தமும் மாறும், கரகரப்பு போய் மெதுவான ஓசையாக. பிசைந்த கையால் முடிக்காத வேலையை உருளைகள் முடித்துக் கொடுக்கின்றன. பிறகு ஒவ்வொரு படியாகக் குறைத்துக்கொண்டே போகலாம், மடிக்கக் கூடாது. ஆறாவது படியில் பட்டையின் அடியில் கையை வைத்தால் விரல்களின் நிழல் தெரியும். நாடாவுக்கு அங்கே நிறுத்திவிடுவேன்.

அந்த நேரத்தில் பட்டை ஒரு கைநீளத்தைத் தாண்டிவிடும். தனி ஆளால் சுற்றவும் முடியாது, வாங்கவும் முடியாது. எங்கள் வீட்டில் மகன் கைப்பிடியைச் சுற்றுகிறான், நான் மேலே மாவு விடுகிறேன், அம்மா கீழே இரண்டு புறங்கைகளையும் நீட்டிப் பட்டையை ஏந்திக்கொள்கிறார். சந்தகை நூலை வாங்கிப் பழகிய கை, பட்டையை இழுக்காமலும் தொங்கவிடாமலும் அதன் வேகத்துக்கு நகர்கிறது. "ராசா, நிறுத்தி நிறுத்திச் சுற்றாதே, ஒரே சீராகச் சுற்று" என்பார். "அமுச்சி, கை வலிக்கிறது" என்பான். "வலிக்கட்டும், இன்னும் நாலு சுற்று." மின்சார மோட்டார் ஒன்றும் தனியாக வாங்கி இதில் மாட்டலாம் என்கிறார்கள். வீட்டில் தனியாகச் செய்கிறவர்கள் கட்டாயம் வாங்கிக்கொள்ளட்டும், இரண்டு கைகளும் மாவுக்குக் கிடைக்கும். எங்களுக்கு வேண்டாம்.

வெட்டும் பகுதியில் அகல நாடா 6 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். பொலோஞா நகரத்தில் தாலியாதெல்லே என்ற நாடாவுக்கு, வெந்த பிறகு 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று 1972இல் வணிகர் சபையில் பதிவுசெய்து, தங்கத்தில் ஒரு மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். ஒரு பண்டத்தின் அகலத்துக்கு ஓர் ஊரே பொறுப்பேற்றுக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் மெஷினில் வெட்டியது வெந்தால் அதற்குக் கொஞ்சம் குறைவாக வரும். அந்த அகலம் வேண்டுமென்று தோன்றும் நாளில் பட்டையைத் தளர்வாகச் சுருட்டிக் கத்தியால் வெட்டிக்கொள்கிறேன்.

சுத்தம் செய்வதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த மெஷினில் தண்ணீரே படக் கூடாது. நம் வீடுகளில் எதையும் கழுவிக் கவிழ்த்தால்தான் மனம் ஆறும். இதைக் கழுவினால் உள்ளே இருக்கும் பற்சக்கரங்கள் துருப்பிடிக்கும், உருளை இடுக்கில் மாவு பசையாகி நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் அப்படியே ஒரு மணி நேரம் காயவிட்டு, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். அம்மாவுக்கு இதில் இன்னும் சமாதானம் இல்லை. அவருக்காக நான் கடைசியில் ஒரு சிறு துண்டு மாவை உருட்டி ஓட்டி, உருளையில் இருப்பதையெல்லாம் அதில் ஒற்றி எடுத்துக் காட்டுகிறேன். அம்மியில் அரைத்து முடித்ததும் ஒரு பிடி அரிசி வைத்து அரைத்து வழிப்பதுபோல என்று சொன்ன பிறகு கொஞ்சம் ஒத்துக்கொண்டார்.

எங்கள் ஊரின் காற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்று அதன் வழியே நாள் முழுக்க வீசும், உதடு வெடிக்கும், பனைமட்டை இரவெல்லாம் சலசலக்கும். நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில் கிராஞானோ என்ற ஊர் இருக்கிறது. முன்பு தெருவெல்லாம் கம்பு நட்டு பாஸ்தாவைக் காற்றில் உலர்த்திய ஊர். 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த ஊர்ப் பாஸ்தாவுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தது. மலையும் கடலும் சேர்ந்து கொடுத்த காற்றுதான் அவர்களுடைய மூலதனம் என்று படித்ததும், காற்றுக்கு எங்களிடம் என்ன குறை என்று எண்ணி, தை மாதத்தில் ஒருநாள் திண்ணையில் மூங்கில் கழி கட்டி நாடாக்களைத் தொங்கவிட்டேன். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது எல்லாம் விறைத்து, நடுவில் மயிரிழை விரிசலோடு தொட்டால் ஒடிந்தன. மேல்தோல் சட்டென்று காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் தங்கிவிட்டால் இப்படி ஆகும். நல்ல தொழிற்சாலைகள் உலர்த்துவதற்கு நேரம் எடுத்துக்கொள்வது இதனால்தான். இப்போது தை மாதத்தில் ஈரத்துணி மூடி வைக்கிறேன். ஆனி, ஆடி மழையில் எதுவும் காயாது, ரவையில் புரட்டி வட்ட வட்டமாகச் சுற்றி உறைபெட்டியில் வைத்துவிடுகிறேன்.

கல்பாத்தியில் இருக்கும் என் தோழி இதைக் கேட்டுவிட்டு, "முட்டை சேராத வீட்டுக்கு என்ன வழி?" என்றாள். நியாயமான கேள்வி. ரவையும் தண்ணீரும் மட்டும் என்றால், துளையுள்ள வடிவங்கள் வேண்டுமென்றால், பிழியும் மின்சார மெஷின் அவளுக்குச் சரி. நான் இரவல் வாங்கியதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கும் முன்னால் அவளுக்கு வேறொன்று சொன்னேன். தெற்கு இத்தாலியில் பாரி நகரத்துச் சந்து ஒன்றில் பெண்கள் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, ரவை மாவை விரல் தடிமனுக்கு உருட்டி, கத்தியால் துண்டு போட்டு, கட்டைவிரலால் இழுத்துக் கவிழ்த்துச் சின்னச் சின்னக் காதுகளாகச் செய்கிறார்கள். முட்டை கிடையாது, மெஷினும் கிடையாது. அம்மிணிக் கொழுக்கட்டை உருட்டுகிற விரல்களுக்கு அது ஒருநாள் பாடம். அவள் முதலில் அதைச் செய்து பார்க்கட்டும். இரண்டு மாதம் கழித்தும் ஆசை இருந்தால் மெஷின் வாங்கலாம்.

இப்போது பரணில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சந்தகை மெஷின் பழைய வேட்டித் துணியிலும், அட்லஸ் அது வந்த அட்டைப் பெட்டியிலும். நேற்றுச் சனிக்கிழமை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா சமையலறை விளக்கை அணைக்காமல் நின்றுகொண்டு கேட்டார். "அம்மணி, அரிசி ஊறவைக்கவா? இல்லை, முட்டையை நிறுத்து வைக்கவா?"

மகன் உள்ளேயிருந்து சந்தகை என்று கத்தினான். தேங்காய்ப் பால் வேண்டுமாம்.